பொதுச் சொற்பட்டியல் உருவாக்குவது எப்படி? மரபு நெல் தரவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பேர் சேர்ந்து ஒரே விஷயத்தைப் பற்றித் தகவல் திரட்டப் போகிறீர்கள் என்றால், எந்தச் செயலி, எந்த சர்வர் என்று பேசுவதற்கு முன்னால் சொற்களைப் பற்றிப் பேசிவிடுங்கள். எதை எந்தப் பெயரில் எழுதுவது, அந்தப் பெயருக்குள் என்னென்ன அடங்கும், எது அடங்காது என்று எழுதி வைத்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பட்டியல்தான் பொதுச் சொற்பட்டியல். அது இல்லாமல் ஆரம்பித்தால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருடம் எல்லோருடைய எக்செல் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் தெரியும், ஒரே ரகம் ஏழு பெயரில் உட்கார்ந்திருக்கிறது, ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் இது பிடிபடாது. அதனால் மரபு நெல் விதைத் தரவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நடத்திவந்த விதைத் திருவிழா பலருக்கும் தெரிந்திருக்கும். 2 கிலோ விதை வாங்கிப் போகும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவர் 2018 டிசம்பரில் காலமானார், ஆனால் அந்த வழியில் விதை பரிமாறும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், இந்த முறை முழுக்கத் தகவலின் மேல்தான் நிற்கிறது: யார் எந்த ரகத்தை வாங்கினார், எந்தப் பருவத்தில் போட்டார், திரும்பி வந்தது அதே ரகம்தானா. அதை ஒவ்வொரு குழுவும் தன் நோட்டில், தன் பேச்சு வழக்கில் எழுதி வைத்திருக்கிறது. நான்கு குழுக்கள் தங்கள் நோட்டுகளைச் சேர்த்து ஒரே தரவாக்க நினைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

சொற்களைத் தொடாதீர்கள், முதலில் கேள்விகள். இந்தத் தரவு தயாரானதும் யார் வந்து என்ன கேட்பார்? "தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு ஏற்ற ரகம் எது, அதன் விதை இப்போது யாரிடம் இருக்கிறது?" "பூங்கார் விதை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது?" "120 நாளுக்குள் அறுவடையாகும் மரபு ரகங்கள் எவை?" இப்படிப் பதினைந்து இருபது கேள்விகள் போதும். ஒவ்வொரு கேள்வியிலும் வரும் பெயர்ச்சொற்களுக்குக் கோடு போடுங்கள். ரகம், நிலம், பருவம், வயது, விதை வைத்திருப்பவர் என்று அதுவே உங்கள் பட்டியலின் எல்லையைக் காட்டிவிடும். எந்தக் கேள்விக்கும் பயன்படாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வெளியே இருக்கட்டும். சொற்பட்டியல் வேலைகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த எல்லையைப் போடாததால்தான். வேளாண்மை முழுவதையும் அடக்கிவிடலாம் என்று கிளம்புவார்கள், நாற்றங்காலைத் தாண்ட மாட்டார்கள்.

படி 2: இருக்கிற சொற்களை அப்படியே அள்ளுங்கள்

இப்போது நோட்டுகளையும் கோப்புகளையும் எடுத்து, அதில் இருக்கும் சொற்களை இருக்கிறபடியே ஒரு எக்செல் நிரலில் (column) கொட்டுங்கள். திருத்தாதீர்கள். "மாப்ள சம்பா" என்று இருந்தால் அதுவும் அப்படியே வரட்டும். பக்கத்தில் எந்தக் குழுவின் நோட்டு, எத்தனை முறை வந்திருக்கிறது என்று குறியுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்கள் இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கவனித்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. 'சொர்ணவாரி' என்பதில் உள்ள 'சொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடும்போதும் ஒப்பிடும்போதும் கணினி இரண்டு வேறு சொற்களாக எண்ணிவிடும். இதற்கு மருந்து எளிது. எல்லாச் சொற்களையும் என்எஃப்சி எனப்படும் யூனிகோடு சீராக்கம் வழியாக ஒரு முறை ஓட்டிவிடுங்கள். பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் ஒரே வரி வேலை.

அந்தச் சீராக்கம் பிடிக்காத ஒன்று உண்டு, அதுதான் அதிகம் தொல்லை தரும். 'கௌனி' என்று ஔகாரக் குறி போட்டு எழுதியிருப்பார் ஒருவர். இன்னொருவர் கொம்பு போட்டு அதற்குப் பின்னால் 'ள' எழுத்தைத் தட்டி 'கெளனி' என்று வைத்திருப்பார். இரண்டாவதில் இருப்பது உண்மையிலேயே வேறு எழுத்து, எந்த இயந்திரமும் தானாகச் சரிசெய்யாது, கண்ணால் பார்த்துக் கையால்தான் மாற்ற வேண்டும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் இந்தப் படிக்கு வாருங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான சொற்களைக் கூட்டிக் காட்ட ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவும், ஆனால் அது சேர்க்கச் சொல்வதையெல்லாம் சேர்த்துவிடாதீர்கள். ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் வேறு ரகம் இருக்கலாம்.

படி 3: பொருள் வேறு, பெயர் வேறு

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பொதுச் சொற்பட்டியல் என்றதும் பலர் நினைப்பது, நான்கு பெயர்களில் மூன்றை அழித்துவிட்டு ஒன்றை எல்லோர் மேலும் திணிப்பது என்று. அப்படிச் செய்தால் உங்கள் பட்டியலை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பயன்படுத்தாதது நியாயமும்கூட. தன் அப்பா காலத்திலிருந்து ஒரு பெயரில் கூப்பிட்டு வந்த நெல்லை இன்னொரு ஊர்ப் பெயரில் எழுது என்று ஒரு விவசாயியிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது, எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை. பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் அந்தப் பொருளின் மேல் தொங்கட்டும்.

செய்முறையில் இதற்கு வழி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுப்பது. எண்ணுக்கு அர்த்தம் இருக்கக் கூடாது. மாவட்டக் குறியீடு, பெயரின் முதலெழுத்து எதையும் அதற்குள் நுழைக்காதீர்கள், நாளைக்குப் பெயரோ வகைப்பாடோ மாறினாலும் எண் மாறாமல் நிற்க வேண்டும். தரவுக் கோப்பில் சேமிக்கப்படுவது எண், மனிதர்கள் பார்ப்பது பெயர். சிஆர் 1009 என்ற ரகத்தைப் பொன்மணி என்பார்கள், சாவித்திரி என்றும் சொல்வார்கள். பிபிடி 5204-ஐ ஆந்திராவில் சம்பா மசூரி என்றால் நம் கடைகளில் ஆந்திரா பொன்னி. எந்தப் பெயரில் பதிவு வந்தாலும் அதே எண்ணுக்குப் போய்ச் சேரும் என்றால் சண்டைக்கு இடமே இல்லை.

சொற்பட்டியல்களைக் கணினிக்குப் புரியும்படி எழுத ஸ்காஸ் (SKOS) என்ற தரம் இருக்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009-ல் வெளியிட்டது. அதன்படி ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் ஒரே ஒரு முதன்மைப் பெயர் இருக்கலாம், மாற்றுப் பெயர்கள் எத்தனையும் இருக்கலாம், அதோடு மறைபெயர் என்று ஒரு வகையும் உண்டு. மறைபெயர் தேடும்போது மட்டும் வேலை செய்யும், திரையில் காட்டப்படாது. எழுத்துப் பிழைகளுக்கு அதுதான் சரியான இடம். ஒரு பதிவு முழுதாக இப்படி இருக்கும்:

எண்: 0047
முதன்மைப் பெயர்: கருப்புக் கவுனி
மாற்றுப் பெயர்கள்: கறுப்புக் கவுனி, கருப்பு கௌனி
மறைபெயர்கள்: கருப்பு கெளனி, கருப்பு கவுணி
மேல்நிலை: கவுனி (0046)
தொடர்புடையது: சிவப்புக் கவுனி
விளக்கம்: உமி நீக்கிய அரிசியின் மேல்படலம் கருநிறமாக இருக்கும் மரபு ரகம்.
வரம்புக் குறிப்பு: வெறும் 'கவுனி' என்று மட்டும் எழுதிய பதிவுகளை இதில் சேர்க்காதீர்கள், அவை 0046-க்குப் போகும்.

கடைசி வரியைப் பாருங்கள். விளக்கத்தைவிட அதுதான் தினசரி வேலையில் கைகொடுக்கும். நிறம் சொல்லாமல் 'கவுனி' என்று மட்டும் எழுதியவர் எதைச் சொன்னார் என்பது நமக்குத் தெரியாது, தெரியாததை ஊகித்து 0047-ல் போட்டால் தரவு கெட்டுவிடும். அதனால் பொத்தாம்பொதுவான ஒரு மேல்நிலைப் பொருளை 0046 என்று வைத்துக்கொண்டு அங்கே நிறுத்துகிறோம்.

இரண்டு பெயர்கள் ஒரே ரகமா என்று சந்தேகம் வந்தால் பிரித்தே வையுங்கள். பின்னால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்துவிட்டதைப் பிரிக்க, பழைய பதிவுகள் ஒவ்வொன்றையும் திறந்து, எழுதியவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ரகம் வேறு, விதை மாதிரி வேறு. சொற்பட்டியலில் வருவது ரகம். ஒருவர் கொடுத்த குறிப்பிட்ட 2 கிலோ விதை என்பது தரவு, அதற்குத் தனி எண் வேண்டும், அதில் "கொடுத்தவர் சொன்ன பெயர்" என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் சொன்ன பெயரை ஒருபோதும் திருத்தாதீர்கள். நீங்கள் எந்த ரகம் என்று முடிவு செய்தீர்களோ அது பக்கத்துக் கட்டத்தில், முடிவு செய்தவர் பெயரோடும் தேதியோடும்.

படி 4: முகங்களாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மரமாக, கிளைக்குள் கிளையாக அடுக்க ஆசை வரும். வேண்டாம். சீர்காழியில் 1892-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதற்குக் காட்டிய வழியை உலகம் முழுவதும் நூலகத் துறையினர் இன்றும் படிக்கிறார்கள்: ஒரு விஷயத்தை ஒரே கிளையில் திணிக்காமல், ஆளுமை, பருப்பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்து, தேவைப்படும்போது சேர்த்துக்கொள்வது. டெல்டாவில் பிறந்த ஒருவரின் யோசனை டெல்டாவின் நெல்லுக்கே இவ்வளவு பொருந்துவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஏன் பொருந்துகிறது? 'சம்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா ஒரு பருவம், ஆகஸ்டு வாக்கில் தொடங்கி ஜனவரியில் அறுவடைக்கு வருவது. மாப்பிள்ளை சம்பா, சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா இவையெல்லாம் ரகங்கள். குறுவை ஒரு பருவம், ஆனால் கருங்குறுவை ரகம், அறுபதாம் குறுவையும் ரகம். நோட்டில் "சம்பா, 3 ஏக்கர்" என்று ஒரு வரி இருந்தால் அது பருவமா ரகமா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். ஒரே மரத்தில் வைத்தால் இந்தக் குழப்பம் நிரந்தரமாகிவிடும். ரகம் ஒரு முகம், பருவம் ஒரு முகம், நிலம் ஒன்று, சாகுபடி முறை ஒன்று என்று தனிப் பட்டியல்களாக வைத்து, தரவில் ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் கொடுத்தால் 'சம்பா' இரண்டு எண்களோடு இரண்டு இடத்தில் நிம்மதியாக இருக்கும்.

பருவப் பட்டியலில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நவரை, சொர்ணவாரி. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம். கன்னியாகுமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ. இலங்கையில் பெரும்போகம், சிறுபோகம். மாதங்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன என்பதற்காகச் சம்பாவும் பிசானமும் பெரும்போகமும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் வரும் வழி வேறு, நடவு நேரம் வேறு, ரகத் தேர்வு வேறு. தனித்தனிப் பொருள்களாக வைத்து 'தொடர்புடையது' என்று இணையுங்கள், விதைத்த தேதியையும் அறுத்த தேதியையும் 2024-08-20 என்ற ஐஎஸ்ஓ 8601 முறையில் தனியே பதியுங்கள். ஒப்பிட நினைப்பவர் தேதியை வைத்து ஒப்பிட்டுக்கொள்வார்.

ஒவ்வொரு முகத்துக்குள்ளும் மேல்நிலை, கீழ்நிலை போடும்போது ஒரே சோதனைதான்: "எல்லா இதுவும் அதுதானா?" எல்லாப் பூங்காரும் மரபு நெல் ரகமா? ஆம், சரி. வைக்கோல் எல்லாம் நெல்லா? இல்லை, அப்படியானால் அது நெல்லுக்குக் கீழே வராது, தொடர்புடையது என்று பக்கத்தில் வரும். அந்த 'தொடர்புடையது' உறவையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், வயலில் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையதுதான்.

படி 5: அளவுகள்

பெயர்களை ஒழுங்கு செய்துவிட்டு அளவுகளை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. 'வயது' என்ற சொல்லையே பாருங்கள். ஒருவர் விதைத்த நாளிலிருந்து எண்ணி 160 என்று எழுதுவார். இன்னொருவர் நட்ட நாளிலிருந்து எண்ணி 130 என்று எழுதுவார். நாற்றங்காலில் இருந்த 30 நாள் எங்கே போனது என்று தெரியாமல், இரண்டும் வேறு ரகம் என்ற முடிவுக்கு யாராவது வந்துவிடுவார்கள்.

சிஜிஐஏஆர் (CGIAR) என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் மையங்கள் பயன்படுத்தும் கிராப் ஆன்டாலஜி என்ற பயிர்ப் பண்புச் சொற்பட்டியலில் இதற்கு நல்ல அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு அளவீட்டையும் பண்பு, அளந்த முறை, அலகு என்று மூன்றாக உடைக்கிறார்கள், மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு நிரல். நாமும் அதையே செய்யலாம். பண்பு: வயது. முறை: விதைத்த நாள் முதல் அறுவடை நாள் வரை. அலகு: நாள். முறை மாறினால் அது வேறு நிரல், அவ்வளவுதான்.

விளைச்சலுக்கு இது இன்னும் அவசியம். 'மூட்டை' என்பது ஓரிடத்தில் 60 கிலோ, இன்னோர் இடத்தில் 75 கிலோ. நிலத்துக்கு டெல்டாவில் மா, குழி, வேலி என்பார்கள், 3 மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஆனால் குழி ஊருக்கு ஊர் மாறும். விவசாயி சொன்ன அளவையும் அலகையும் அப்படியே ஒரு கட்டத்தில் எழுதி, கிலோவுக்கும் ஏக்கருக்கும் மாற்றியதை அடுத்த கட்டத்தில் எழுதுங்கள், எந்தக் கணக்கில் மாற்றினீர்கள் என்பதோடு. காயவைத்து எடை போட்டதா, களத்திலேயே போட்டதா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஈர நெல்லின் எடையும் காய்ந்த நெல்லின் எடையும் ஒன்றில்லை.

படி 6: வெளியே இருப்பதோடு இணையுங்கள்

நெல், உரம், பூச்சி மாதிரியான பொதுச் சொற்களுக்கு நீங்கள் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவாக் 1980-களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்துவரும் பன்மொழிச் சொற்களஞ்சியம், 40,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் அதில் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள பொருளுக்கு அங்கே இணை இருந்தால் அதன் முகவரியை ஒரு நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். விதை வங்கிகள் பயன்படுத்தும் பன்னாட்டு விவரிப்புப் பட்டியலில் மரபு ரகத்துக்குக் குறியீடு 300, மேம்படுத்தப்பட்ட ரகத்துக்கு 500. அந்த எண்களை இப்போதே போட்டு வைத்தால் நாளைக்கு எந்த விதை வங்கியோடும் தரவைப் பகிர்வது சுலபம். கோப்புக்கே தலைப்பு, உருவாக்கியவர், தேதி, உரிமை போன்ற விவரங்கள் எழுத டப்ளின் கோர் என்ற தரம் போதும். 1995-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளினில் நடந்த பட்டறையிலிருந்து வந்தது, மொத்தம் 15 கூறுகள்தான்.

இணைக்கும்போது 'முற்றும் ஒன்று', 'ஏறக்குறைய ஒன்று' என்ற வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். முற்றும் ஒன்று என்று போட்டுவிட்டால் யாரோ ஒருவரின் மென்பொருள் அங்கிருக்கும் தகவலையெல்லாம் இங்கே ஒட்டிவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலான இணைப்புகள் 'ஏறக்குறைய' வகைதான்.

பெரிய பட்டியல் ஒன்றை அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு எதிரானவன். தூயமல்லியும் குழியடிச்சானும் யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனும் அந்த நுணுக்கத்தில் அங்கே கிடைக்க மாட்டார்கள். வயலிலிருந்து தொடங்கி வெளியே இணைத்தால் நம் சொற்கள் நிற்கும், வெளியிலிருந்து தொடங்கினால் இல்லாத கட்டத்துக்குள் நம் ரகத்தை அடைக்க வேண்டியிருக்கும்.

படி 7: கருவி

கூகுள் ஷீட் போதும். ஒரு வரிக்கு ஒரு பொருள். எண், முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், மறைபெயர்கள், மேல்நிலை எண், விளக்கம், வரம்புக் குறிப்பு, வெளி இணைப்பு, நிலை, கடைசியாகத் திருத்திய தேதி. ஐந்நூறு பொருள்களைத் தாண்டினால் சொற்பட்டியல்களைப் பராமரிக்கும் வாக்பென்ச் என்ற மென்பொருள் பற்றி யோசிக்கலாம், பொதுமக்கள் தேடிப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காஸ் பட்டியல்களை இணையத்தில் காட்ட ஃபின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய ஸ்காஸ்மாஸ் நன்றாக இருக்கும். இரண்டும் இலவசம். கருவியில் ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

படி 8: சோதனையும் பராமரிப்பும்

பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்க்க, உண்மையான நோட்டுப் பக்கம் ஒன்றை எடுத்து இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொரு வரிக்கும் எண் போடட்டும். எங்கே இருவரும் வேறு எண் போட்டார்களோ அங்கே குறை பட்டியலில் இருக்கிறது, அந்தப் பொருளின் வரம்புக் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். இருவரில் ஒருவராவது வயலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். அப்புறம் படி 1-ன் கேள்விகளை எடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள்.

புதுச் சொல் வந்தால் யார் சேர்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். எல்லோரும் முன்மொழியலாம், இரண்டு பேர் மட்டும் சேர்க்கலாம் என்பது சிறிய குழுவுக்குச் சரியாக வரும். முடிவு வரும்வரை 'பரிசீலனையில்' என்ற நிலையோடு எண் கொடுத்துவிடுங்கள். களத்தில் நிற்பவர் உங்கள் கூட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது, எண் கிடைக்காவிட்டால் அவர் கைக்கு வந்ததை எழுதிவிடுவார். ஒவ்வொரு பருவ அறுவடைக்குப் பிறகும் ஒருமுறை உட்கார்ந்து அவற்றைத் தீர்த்து, பட்டியலுக்குப் புதிய பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு வெளியிடுங்கள், பழைய பதிப்பு படிக்கக் கிடைக்கட்டும்.

எந்த எண்ணையும் அழிக்காதீர்கள், வேறு பொருளுக்கு மறுபடி கொடுக்கவும் செய்யாதீர்கள். 0112-ம் 0047-ம் ஒன்றுதான் என்று பின்னால் தெரியவந்தால், 0112-ன் நிலையை 'விலக்கப்பட்டது, 0047-ஐப் பார்க்க' என்று மாற்றி, அதன் பெயர்களையெல்லாம் 0047-க்கு மாற்றுப் பெயர்களாக நகர்த்தி, யார் எந்த ஆதாரத்தில் முடிவு செய்தார்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.